நாற்பதைத் தாண்டிய உடம்பு: எதைச் சரிசெய்யலாம், எதற்கு இடம்கொடுக்கலாம்?

#1 நடுப்பகல்

நாற்பது, நாற்பத்தைந்து வயதிலும் பலர் இருபத்தைந்து வயது அளவுகளைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு, எடை, செருப்பு நம்பர், புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எத்தனை மணிநேரத் தூக்கம் போதும் என்று எல்லாமே பழைய கணக்கு. அந்தக் கணக்குக்கு இன்றைய உடம்பு ஒத்துவராதபோது கோபம் உடம்பின் மேல் பாய்கிறது. அளவை மறுபடி எடுத்துப் பார்ப்போமே என்று தோன்றுவதில்லை.

இந்த இழையில் வேண்டியது: எது மாறுகிறது, ஏன் மாறுகிறது, அதற்கு என்ன செய்வது. எண்ணோடும் செய்முறையோடும் எழுதுங்கள். "மனசு இளமையா இருந்தா வயசு வெறும் நம்பர்தான்" வகைப் பதிவுகளுக்கு வேறு இழைகள் ஏராளம். சொந்தக் கதையும் வேண்டாம், இழை திசைமாறிவிடும்.

தொப்பையிலிருந்தே தொடங்கலாம். "முன்னே சாப்பிட்ட அளவுதான் சாப்பிடுறேன், வயிறு மட்டும் ஏன் வருது?"

#2 எடைக்கல்

"நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் படுத்துவிடும்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அலசியது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை செலவு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

"தசையையும் கணக்கில் சேர்த்து" என்ற இடத்தில்தான் சூட்சுமம். முப்பதுக்கு மேல், ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை போகும். போன இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். இரண்டு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் எடைமிஷின் ஒன்றும் சொல்லாது, பேண்ட் பட்டன் சொல்லும். கூடவே அன்றாட நடமாட்டம் குறைந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். இவை சேர்ந்ததுதான் தொப்பை.

ஆகவே நாடாவை எடுங்கள். சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சற்று அகற்றி நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு முடியும் இடத்தையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. நாடா அந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றிவர வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படியுங்கள். இரண்டு முறை எடுத்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. நடக்கும் தப்பு இரண்டு: பேண்ட் கட்டும் இடத்தில் அளப்பது, வயிற்றை எக்கிக்கொள்வது.

அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. 164 செ.மீ. உயரமென்றால் 82. மாதம் ஒருமுறை போதும். எடையைத் தினமும் பார்ப்பவர்களுக்கு ஒன்று: தண்ணீர், உப்பு, மலச்சிக்கல் இவற்றால் மட்டுமே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் 1 கிலோவுக்கு மேல் ஆடும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் சாப்பாட்டைக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும்.

#3 கேள்விக்குறி

அப்போ பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்துல வயிறு வர்றதும் தசைக் கணக்குதானா? ஹார்மோன்னு சொல்றாங்களே?

#4 எடைக்கல்

அங்கே ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பு தொடையிலும் பின்புறத்திலும் சேரும். அது இறங்கியதும் சேருமிடம் வயிற்றுக்கு மாறும். எடை ஒரு கிராம் கூடாவிட்டாலும் உருவம் மாறும். இதைப் பட்டினி கிடந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. இடுப்பளவு பாதி உயரத்துக்குள் இருந்தால், மிச்சம் வடிவ மாற்றம் என்று எடுத்துக்கொண்டு துணியைத் திருத்துவதே மேல்.

#5 தண்டால்

தசைக்கு வருகிறேன். ஜிம் இல்லை, கருவி இல்லை என்பவர்களுக்கு ஒரு நாற்காலி போதும். இருக்கை உயரம் 43 முதல் 45 செ.மீ., கை வைக்கும் பகுதி இல்லாதது, பின்பக்கம் சுவரில் முட்டியபடி.

இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். எழுவதைவிட உட்காருவது முக்கியம். 4 வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். கடைசி பத்து செ.மீ.யில்தான் எல்லாரும் பொத்தென்று விழுவார்கள். தசை வேலை செய்ய மறுக்கும் இடம் அதுதான், பயிற்சியும் அங்கேதான் இருக்கிறது. அங்கே நிறுத்த முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தடிமனான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் மடங்கினால் தொடைமேல் ஒரு துணியைத் தளர்வாகக் கட்டி, அதை வெளியே தள்ளியபடி எழுந்து பழகுங்கள்.

8 முதல் 12 முறை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிடம். வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணிநேரமாவது இடைவெளி. மூன்று சுற்றும் 12 வந்துவிட்டால் மார்போடு அணைத்தபடி ஒரு பையில் 3 கிலோ. அப்புறம் 5. மேலுடம்புக்குச் சுவரில் கைவைத்துத் தண்டால், பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை.

புரதம் இல்லாமல் இது பாதி வேலைதான். கிலோ எடைக்கு 1.2 கிராம் அளவில் வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 72 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 24. ஒரு முட்டையில் 6 கிராம்தான், வேகவைக்காத பயறு 100 கிராமில் 20க்கு மேல். காலை வேளையில் 5 கிராம்கூட இல்லாத சாப்பாடுதான் பலருக்கும் ஓட்டை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

#6 கேள்விக்குறி

தினமும் ஒரு மணிநேரம் நடக்கிறவங்களுக்கும் இது வேணுமா?

#7 தண்டால்

வேணும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அருமையான மருந்து, அதை விடவே கூடாது. ஆனால் வயதில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை முன்னால் வைக்க உதவுவது அவைதான். நிதான நடையில் அவை பெரும்பாலும் கூப்பிடப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, தசை வலுவுக்கு இரண்டு நாளைத் தனியாகக் கேட்கிறது.

#8 நாண்

தண்டால் ஐயா விட்டதைச் சேர்க்கிறேன். இந்த வயதில் அடிபடுவது தசையைவிட, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்தான். ஆறே வாரத்தில் தசை பலமாகிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பழக மாதக்கணக்கில் ஆகும். "உடம்பு பழைய ஃபார்முக்கு வந்துடுச்சு" என்று நினைத்து ஓட்டத்தில் இறங்கும் நாளில்தான் குதிகால் நாண் தகராறு செய்யும். எடை, வேகம், எண்ணிக்கை மூன்றில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது நேற்றைவிட அதிகம் வலித்தால், கூட்டியதைக் குறைக்க வேண்டும். முழு ஓய்வும் தவறு, சுமையே இல்லாத நாண் இன்னும் பலவீனமாகும்.

தோள்பட்டை இறுக்கம் தனி ரகம். 40 முதல் 60 வயதுக்குள் வருவது, சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களுக்கு அதிகம். கண்டுபிடிக்க: முழங்கையை 90 பாகை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். உங்களாலும் முடியாமல், அடுத்தவர் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டிக்கொண்டால் மூட்டுறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தவர் தூக்கினால் போகிறது, நீங்கள் தூக்கினால் மட்டும் வரவில்லை என்றால் நாண் பக்கம் பார்க்க வேண்டும். இறுகியதை வெறியோடு இழுத்தால் வலிக்கும் கட்டம் நீளும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டில் இளகிவிடும். இதுவரை சர்க்கரை பரிசோதிக்காதவர்கள் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

#9 சட்டம்

கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும், விலக்கே இல்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக வளர்ந்து விறைத்துப்போகிறது, கிட்டப்பார்வைக்கு வளைய மறுக்கிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00 அளவில் ஆரம்பித்து, அறுபதை நெருங்கும்போது +2.00 அல்லது +2.50 வந்து நின்றுவிடும். "கண்ணாடி போட்டா நம்பர் ஏறும்" என்பது கட்டுக்கதை. போட்டாலும் போடாவிட்டாலும் ஏறும். போடாதவர்களுக்குக் கழுத்து வலி இலவசம்.

கணினிக்கு முன்னால் தலையைப் பின்னால் சாய்த்து உட்காருபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 40 செ.மீ. தூரத்துக்குக் கண் செய்ய வேண்டிய வேலை 2.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு). 66 செ.மீ. தள்ளி இருக்கும் திரைக்கு 1.50தான். அதாவது படிக்க +2.00 கூட்டல் தேவைப்படுபவருக்குத் திரைக்கு +1.00 போதும். படிக்கும் கண்ணாடியைத் திரைக்குப் போட்டால் மங்கும், உடனே முகம் முன்னால் போகும். பரிசோதனைக்குப் போகும்போது கண்ணிலிருந்து திரைவரை நாடா வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

புரோகிரஸிவ் லென்ஸ் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுவது) வேண்டுமென்றால் தவறு நடக்கும் இடம் குறியிடுவதில். ஃபிரேமை முதலில் முகத்துக்குப் பொருத்தி, மூக்குத்தாங்கி, காதுக்கம்பி எல்லாம் வளைத்து முடித்த பிறகுதான் கருவிழி நடுவுக்கு நேராக, கண்ணாடியின் மேல் பேனாப்புள்ளி வைக்க வேண்டும். முதலில் புள்ளி, பிறகு வளைப்பு என்றால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லை. மூக்கிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் தூரம் எடுக்க வேண்டும், முகம் யாருக்கும் கச்சிதமாகச் சமமில்லை. தூரத்தைப் பார்க்க முகவாயைத் தாழ்த்த வேண்டியிருந்தால் லென்ஸ் உயரமாக ஏறிவிட்டது. படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தால் தாழ்ந்துவிட்டது. இரண்டையும் "பழகிடும்" என்று சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓரங்களில் அலைவது மட்டும்தான் ஓரிரு வாரத்தில் பழகும்.

#10 இருகண்ணாடி

புரோகிரஸிவ் எல்லாருக்கும் தேவையில்லை என்பது என் கட்சி. நாளில் எட்டு மணிநேரம் திரையைப் பார்ப்பவருக்கு அதில் திரைக்கான பகுதி ஒரு குறுகிய பட்டை. திரைக்கென்று ஒற்றைப்பார்வைக் கண்ணாடி ஒன்று, வெளியே போக ஒன்று என்று வைத்துக்கொண்டால் செலவும் குறைவு, கழுத்துக்கும் நிம்மதி.

#11 சட்டம்

மேசையில் உட்கார்ந்தே இருப்பவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, மறுக்கவில்லை. எழுந்து எழுந்து போகிறவருக்குக் கண்ணாடி மாற்றுவதே வேலையாகிவிடும். புரோகிரஸிவ் போட்டுப் படியிறங்கும்போது எச்சரிக்கை: லென்ஸின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது, படி மங்கித் தெரியும். முகவாயைத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள்.

#12 மணிமேகலை_செவிலி

பெண்களுக்கானதைச் சேர்த்து எழுதுகிறேன். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் கரடுமுரடு. சுழற்சி தப்பும், அளவு மாறும். ஒரு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் என்ற கணக்கில் தொடர்ந்து இரண்டு மூன்று மணிநேரம் நனைந்தால் "வயசு அப்படி" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. ரத்தச்சோகையைப் பார்க்கும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் கேளுங்கள், முதலில் காலியாகும் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது அதுதான். கருத்தடையை அவசரப்பட்டு விட வேண்டாம். ஐம்பதுக்கு மேல் நின்றால் ஓராண்டும், ஐம்பதுக்குள் நின்றால் இரண்டாண்டும் தொடர வேண்டும்.

குப்பென்று சூடேறி வேர்ப்பது ஏன்? மூளையில் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, முன்பு கண்டுகொள்ளாத சிறு ஏற்றத்துக்கும் இப்போது அபாயமணி அடிக்கிறது. ஆகவே உடலின் வெப்பம் ஏறாமல் பார்ப்பது ஓரளவு உதவும்: அடுக்கடுக்காகக் கழற்றக்கூடிய உடை, குளிர்ந்த படுக்கையறை, இரவில் மதுவைத் தவிர்ப்பது. தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வால் வந்த பயம் இன்னும் போகவில்லை. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டாயம். மார்பகப் புற்று, ரத்தக்கட்டு, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தவர்களுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை.

சூடு ஒருநாள் தணிந்துவிடும். பிறப்புறுப்பு வறட்சி தானாகப் போகாது, ஆண்டுக்காண்டு கூடும். வாரம் இரண்டு மூன்று முறை போடும் ஈரப்பூச்சு வேறு, உறவின்போது மட்டும் போடும் வழுக்குக் களிம்பு வேறு. பலர் இரண்டாவதை மட்டும் வாங்கிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். இரண்டும் போதாதென்றால் அந்த இடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை மருத்துவரிடம் கேளுங்கள்.

தும்மினால் சிறுநீர் கசிவதற்கு: காற்றை அடக்குவதுபோல ஆசனவாயையும், சிறுநீரை நிறுத்துவதுபோல முன்பகுதியையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுத்து 6 முதல் 8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். 8 முதல் 12 முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்கினாலோ, வயிறு வெளியே தள்ளினாலோ தப்பாகச் செய்கிறீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கினால் அப்போதே பலன் தெரியும்.

#13 பாதிராத்திரி

ஆண்கள் பங்குக்குச் சுருக்கமாக. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பவர்கள் படுக்க 2, 3 மணிநேரத்துக்கு முன் திரவத்தைக் குறைத்து, படுக்கும் முன் சிறுநீர் கழித்து, அரை நிமிடம் நின்று மறுபடி முயலவும். புரோஸ்டேட் வீங்கியவர்கள் மூக்கடைப்பு மாத்திரையைக் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது. அதில் சிலவற்றுக்குச் சிறுநீரையே அடைத்துவிடும் குணம் உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆண்டுக்கு ஒரு சதவீத அளவில் மெல்ல இறங்குவது இயல்பு. சோதிப்பதானால் காலை பத்து மணிக்குள், இரு வேறு நாளில். மாலையில் எடுத்த ஒற்றை அறிக்கையைக் காட்டி ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். விறைப்புக் குறைவை மட்டும் வயது என்று மறைக்க வேண்டாம். அங்கே ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அடைப்பு முதலில் தெரிவது அங்கேதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள்.

#14 வெள்ளிக்கம்பி

நரைக்குச் சாயம் போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம், இரண்டிலும் தப்பான வழி உண்டு. போடுபவர்கள்: முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணிநேரம் பார்க்கவும். பத்தாண்டு ஒரே சாயம் போட்டவருக்கும் பதினோராம் ஆண்டு ஒவ்வாமை வரலாம், சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளின் சுபாவம் அது. "கறுப்பு மருதாணி" என்று விற்பதிலும் பெரும்பாலும் அதுதான். வேருக்கு மட்டும் பூசுங்கள், நுனிவரை மறுபடி மறுபடி பூசினால் முடி ஒடியும்.

விடுபவர்கள்: முடி மாதம் 1 செ.மீ. சொச்சம்தான் வளரும். 30 செ.மீ. நீளமென்றால் இரண்டு ஆண்டுக்கு மேல் இரண்டு நிறத்தில் திரிய வேண்டும். அதற்குத் தயாரில்லாதவர்கள் முதலில் நீளத்தைக் குறைக்கவும்.

ஒரு ஒட்டுச்செய்தி: முகத்தை போன் கேமராவில் பார்த்துக் கலங்குபவர்களுக்கு. ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட 30 சதவீதம் அளவுக்கு அகன்று தெரியும். அது தூரத்தின் வேலை, வயதின் வேலை அல்ல.

#15 மணிமேகலை_செவிலி

நடுவில் ஒன்று. இடம்கொடுக்கக் கூடாதவை: மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம், முயற்சியின்றிக் குறையும் எடை, கண்ணில் திடீர் மின்னலும் கரும்புள்ளி மழையும் (அன்றே போக வேண்டும்), நிறமோ ஓரமோ மாறும் மச்சம், மார்பில் புதுக் கட்டி. உயரத்தையும் அளந்து வையுங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

#16 ஊசிநூல்

#4இல் துணியைத் திருத்துங்கள் என்று எடைக்கல் சொன்னதை எப்படி என்று சொல்கிறேன். வயது ஏறினால் சுற்றளவு கூடும் என்று மட்டும் நினைத்து ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். மாறுவது சமநிலை. மேல்முதுகு வளைந்தால் பின்நீளம் போதாது. சட்டையின் பின்விளிம்பு மேலே தூக்கும், முழு உடையும் பின்னால் நழுவும், முன்கழுத்து தொண்டையை அழுத்தும். சைஸைக் கூட்டினால் தோள் தொங்கும், தொண்டை அப்படியேதான். தோள்பட்டைத் துண்டு சேரும் தையலில் முதுகு நடுவில் 1 முதல் 1.5 செ.மீ. கூட்டி, அக்குள் பக்கம் வரும்போது பூஜ்யமாகக் கரைக்க வேண்டும்.

வயிறு இருந்தால் இதன் நேர் எதிர். முன்விளிம்பு தூக்கும், பக்கத்தையல் முன்னால் இழுக்கும். கூட்ட வேண்டியது முன்துண்டில். பேண்டில் பின்புறம் தட்டையாகும்போது துணி பொந்தாகத் தொங்கும், பெரிய இடுப்பு வாங்கினால் அது இன்னும் மோசம். பின்தையலைப் பிடித்து உள்ளே எடுக்க வேண்டும்.

காலணிக்கும் இதேதான். பாதவளைவு தாழ்ந்து, பாதம் நீளமும் அகலமும் கூடும். மாலையில், நின்றபடி, இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்கவும். விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம்.

#17 கேள்விக்குறி

அலமாரில இருக்கிற பழைய பேண்ட்டையெல்லாம் என்ன பண்றது? உடம்பு இறங்கினா போட்டுக்கலாம்னு பத்து வருஷமா தொங்குது.

#18 ஊசிநூல்

உள்பக்கம் திருப்பி, பின்நடுத் தையலைப் பாருங்க. தையலுக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு துண்டிலும் 2.5 செ.மீ. துணி மிச்சம் இருந்தா 3 செ.மீ. வரைக்கும் தாராளமா பிரிச்சு விடலாம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அங்குலம் மட்டும் பிரிச்சு வெளிச்சத்துல பாருங்க. பழைய தையல் ஓட்டை வரிசையாத் தெரிஞ்சாலோ, உள்ளே இருந்த துணி அடர்நிறமா இருந்தாலோ, முழுசா பிரிச்சா கோடு விழும். மிச்சத்துணி 1 செ.மீ.தான் இருக்குன்னா பிரிக்கவே வேண்டாம், யாருக்காவது கொடுத்துட்டு, இன்னைக்கு எடுத்த அளவோட வாங்க.